ஒரு சோழகம் பொறுக்கச் சொன்னவர்

அவர் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் விதம் எனக்கு அடியோடு பிடிக்காது.

புத்தளத்தில், கடற்கரைக் கட்டுமான வேலைகளைப் பார்க்கும் ஓர் அரசாங்க அலுவலகத்தில் நான் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். அவர் அங்கே பொறியியலாளர். யாழ்ப்பாணத்துக்காரர், யுத்த காலத்தில் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து வந்து புத்தளத்திலேயே தங்கிவிட்டவர். புதிதாக யார் வந்தாலும், பணிப்பாளராக இருக்கட்டும், ஒப்பந்தக்காரராக இருக்கட்டும், தண்ணீர்ப் போத்தல் கொண்டுவந்து வைக்கிறவராக இருக்கட்டும், தன் பெயரைச் சொல்வதற்கு முன் ஒரு வசனம் சொல்வார்.

"மணல் மூடின துறைமுகம் ஒண்டு இருக்கெல்லோ, அதைக் கட்டினது நான்."

அதற்குப் பிறகுதான் பெயர், பதவி, சுகம் விசாரிப்பு எல்லாம். கேட்கிறவர்களில் சிலர் சிரித்து வைப்பார்கள். சிலர் "பரவாயில்லை சேர்" என்பார்கள். பரவாயில்லை என்று சொன்னவர்களை அவர் ஒரு கணம் உற்றுப் பார்ப்பார், பிறகு அவர்களோடு வேலை விஷயம் மட்டும்தான் பேசுவார்.

எங்கள் அலுவலக லிகிதர் ஒருவரின் கலியாணம் சிலாபத்தில் நடந்தது. நாங்கள் எல்லோரும் ஒரே மேசையில் இருந்தோம். பெண்ணின் மாமா வந்து, நல்ல கோட் போட்டிருந்த இவரைப் பார்த்து மரியாதையாக, "சேர் என்ன செய்றீங்க?" என்று கேட்டார். பொறியியலாளர் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். இவர் எழுந்து நின்று அந்த வசனத்தைச் சொன்னார். பாவம் அந்த மனிதர், வாழ்த்துவதா துக்கம் விசாரிப்பதா என்று தெரியாமல் இவருடைய தட்டில் இன்னொரு துண்டு கேக்கை வைத்துவிட்டுப் போனார். மேசைக்குக் கீழே காலால் உதைக்கலாமா என்று யோசித்தேன்.

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவரைத் தெரிந்தவர்களுக்கு அந்த வசனமே போதும்.

அலுவலகத்தில் சேருகிற ஒவ்வொருவரையும் அவர் அந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார். என்னையும் கூட்டிப்போனார். பிளாஸ்க்கில் பிளேன்டீ, கடதாசிப் பையில் மாலுபாண் என்கிற மீன் பணிஸ். கற்பிட்டிப் பாதையில் போய், தென்னந்தோட்டங்களுக்கு நடுவே மேற்குப் பக்கமாக ஒரு மணல் பாதையில் திரும்பி, கடற்கரையில் போய் நின்றோம். கறுத்த பாறைகளை அடுக்கிக் கடலுக்குள் இரண்டு கைகளை நீட்டியதுபோல அணை கட்டியிருந்தார்கள். இரண்டு கைகளுக்கும் நடுவில் தண்ணீர் இருக்க வேண்டிய இடம் முழுக்க வெள்ளை மணல். அதில் வலையை விரித்துப் பெண்கள் நெத்தலி காயப்போட்டிருந்தார்கள். வள்ளங்களைக் கட்டுவதற்கென்று நட்ட இரும்புக் குற்றியில் ஓர் ஆடு கட்டியிருந்தது. வள்ளங்களோ அணைக்கு வெளியே, மீனவர்களுடைய பாட்டன் காலத்தில் இழுத்து வைத்த அதே கரையில், அலை அடிக்க அடிக்கக் கிடந்தன.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருடைய முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

அவர் உட்காரவில்லை. எங்கேயும் உட்காருகிற ஆள் இல்லை. அலுவலகத்தில் அவருடைய கதிரையின் பொலித்தீன் உறை நாலு வருடமாகியும் கிழியாமல் இருந்தது. பிளேன்டீக் கோப்பையை ஒரு கையில் பிடித்தபடி அந்த மணலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டே சொன்னார்.

"அளவெடுத்தது தை, மாசியிலை. கடல் தட்டிலை ஊத்தின தண்ணி மாதிரிக் கிடந்தது. நான் என்ரை பாட்டிலை செய்யேல்லை மிஸ். கடல் தெரிஞ்ச ஆக்களைத்தான் கேட்டனான். மீனவர் சங்கத்து ஆம்பிளையள் எல்லாரையும் கூப்பிட்டு, எங்கை வாய் வைக்கலாம், எந்தப் பக்கம் கல்லுப் போடலாம் எண்டு கேட்டுத்தான் செய்தனான். அவையும் மனச்சுத்தியோடைதான் சொன்னவை. ஆனால் சோழகக் காத்துத் தொடங்க அவை வலையும் வள்ளமுமா முல்லைத்தீவுப் பக்கம் தொழிலுக்குப் போயிடுவினம். வைகாசியிலை போனா ஐப்பசியிலைதான் திரும்பி வருவினம். அந்த மாசங்களிலை இந்தக் கரை என்ன செய்யுதெண்டு பாத்துக்கொண்டு நிக்கிறது பொம்பிளையள். அவையிட்டை ஒரு சொல் நான் கேக்கேல்லை."

நெத்தலியைப் புரட்டிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பம் சேர்."

"ஓம். சொல்லியிருப்பியள்" என்றார் இவர்.

இதை அவர்கள் ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொள்கிறார்கள் என்பது பிறகு எனக்குத் தெரியவந்தது. வேறு யாரையாவது கூட்டிக்கொண்டு அவர் போனாலும் அந்தப் பெண் அதையே சொல்வாளாம், அவரும் அதையே சொல்வாராம்.

நடந்தது இதுதான். சோழகத்தில், அதாவது தென்மேல் காற்றுக் காலத்தில், கடல் தெற்கிலிருந்து வடக்குப் பக்கமாக மணலை அள்ளிக்கொண்டு போகும். குறுக்கே கல்லைப் போட்டால் மணல் அங்கேயே நின்று, சுற்றி உள்ளே வந்து, வாயை மூடிவிடும். கல்லுக்கு வடக்கே இருக்கிற கரைக்கு வர வேண்டிய மணல் வராது. அந்தக் கரையைக் கடல் தின்னத் தொடங்கும். இவருடைய துறைமுகம் மூன்றாம் சோழகத்தில் மூடிப்போனது. விசாரணைக்கு வந்தவர்கள் இயற்கைக் காரணம் என்று எழுதிவிட்டுப் போனார்கள். அடுத்த வருடம் இவருக்குப் பதவி உயர்வும் கிடைத்தது.

"என்னை ஒருத்தரும் ஏசேல்லை மிஸ். ஏசியிருந்தா நானும் விட்டிருப்பன்" என்றார்.

அதற்குப் பிறகு எந்தத் திட்டத்தின் கோவை வந்தாலும் அவர் வாயில் ஒரே பேச்சு: "ஒரு சோழகம் பாப்பம்." கரையில் கம்புகளை நட்டு, ஒரு முழுச் சோழகம் மணல் எங்கே ஏறுகிறது எங்கே இறங்குகிறது என்று பார்த்துவிட்டுத்தான் கல் போட வேண்டும். இது கடற்கரையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கன்டீன் கூரை மாற்றவும் ஒரு சோழகம் பாப்பம், கழிவறைக் குழாய் திருப்பவும் ஒரு சோழகம் பாப்பம். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரைச் சோழகம் என்றே கூப்பிட்டோம். "சோழகம் வந்திட்டுதா?" என்று கேட்டால் வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பதில் சொல்வார்கள். நானும்தான் சொன்னேன்.

காற்சட்டைப் பையில் எப்போதும் ஓர் இரும்பு அளவு நாடா வைத்திருப்பார். கூட்டங்களில் சுவரோரமாக நின்றுகொண்டு அதை ஓர் அடி இழுப்பார், விடுவார். டக். இழுப்பார், விடுவார். டக். பணிப்பாளரின் தோள் ஒவ்வொரு டக்குக்கும் ஒருமுறை துள்ளும். எனக்கு அந்தச் சத்தம் பல்லைக் கூசவைக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசையில் யாராவது சாவிக்கொத்தை ஆட்டினாலும் அவர் நினைவு வந்து எரிச்சல் வரும்.

வருடந்தோறும் ஆடி மாதத்தில் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு அந்த மூடிப்போன துறைமுகத்துக்குத் தனியாகப் போவார். அதற்கு வடக்கே, கடல் தின்கிற கரையில் இருக்கிற கோயில் மதிலிலிருந்து கடல் வரைக்கும் அளப்பார், ஒரு படம் எடுப்பார், எழுதிக்கொண்டு வருவார். அந்த அளவை யாரும் கேட்டதில்லை. குற்றத்தை நினைத்து அழுகிற மனிதர்களை நான் கண்டிருக்கிறேன். அதை மீற்றர் கணக்கில் அளந்து வைத்திருந்த ஒரே மனிதர் இவர்தான்.

அவருக்குச் சிங்களம் வரும், ஆனால் பதற்றமானால் தமிழுக்குத் தாவிவிடுவார். அப்போது நான் எழுந்து சிங்களத்தில் சொல்ல வேண்டும். நான் கொஞ்சம் மெருகு போடுவேன், அது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிறதுதான். "நான் கெடுத்துப்போட்டன்" என்று அவர் சொன்னால், "சில குறைபாடுகள் இருந்தன" என்று பணிப்பாளருக்குச் சொல்வேன். ஒருமுறை எல்லோருக்கும் முன்னால் என்னைத் திருத்தினார்.

"குறைபாடு இல்லை மிஸ். பிழை. என்ரை பிழை எண்டு சொல்லுங்கோ."

சொன்னேன். இவர் யார் எனக்கு வேலை பழக்க என்று அன்று முழுக்கக் கோபத்தில் இருந்தேன்.

பிறகு இரண்டாவது துறைமுகம் வந்தது. முதலாவதற்கு வடக்கே, அதே கரையில், வேறொரு மீனவக் கிராமம். தேவாலயத்துப் பங்கு மண்டபத்தில் மக்கள் கூட்டம். மாசி மாதம், கடல் அமைதி. முன்வரிசையில் மீனவர் சங்கத்து ஆண்கள் அயன் பண்ணிய சேட்டோடு இருந்தார்கள். கொழும்பிலிருந்து அமைச்சின் ஆட்கள் இரண்டு பேர். அமைச்சர் அடிக்கல் வைக்கிற நாள் ஏற்கெனவே குறித்தாகிவிட்டது. வெளியே வாகனத்தில் அதற்கான பதாகை சுருட்டி வைத்திருந்ததை நான் கண்டேன்.

ஆண்கள் எல்லோரும் வேண்டும் என்றார்கள். ஏன் வேண்டாம், அவர்களுக்கு வள்ளம் கட்ட இடம் வேண்டும்தானே. சுவரோரமாக நின்ற இவர் கேட்டார்.

"பொம்பிளையள் ஆரும் கதைக்கினமோ?"

பிறகு கதவடியில் நின்ற ஒரு பெண், கருவாட்டு வேலை செய்கிற கை, இன்னும் ஈரம் காயவில்லை, வாயைத் திறந்தாள். அவள் தொடங்கியதுமே சங்கத் தலைவர் திரும்பிப் பார்த்தார்.

"அக்கா, அத நாங்க கதைச்சிக்கிறம்."

"நீங்க சோழகத்துல இங்க நிக்கிறீங்களா தம்பி? மே மாசம் போனா ஒக்டோபர்லதானே வாறீங்க. நாங்கதான் இங்க கிடக்கிறம். இந்த இடத்துல கல்லப் போட்டா மணல் உள்ளுக்கு வந்திரும். அத விடுங்க, வள்ளத்த வெளிய இழுத்து வச்சிக்கலாம். கல்லுக்கு அங்கால எங்கட சேமக்காலை இருக்கு. என்ட மனிசன் அங்கதான் கிடக்கிறார். கடல் அந்தப் பக்கத்தத்தான் திங்கும்."

சேமக்காலை என்றால் கத்தோலிக்கர்களின் மயானம். கிராமத்துக்கு வடக்கே, கடலைப் பார்த்தபடி, வெள்ளைச் சிலுவைகளோடு இருந்தது. வரும்போதே பார்த்திருந்தேன்.

அவள் சொன்னதை ஒரு சொல் விடாமல் நான் சிங்களத்தில் சொன்னேன். அடுத்ததாக இவர் தன் வசனத்தைச் சொன்னார். மணல் மூடின துறைமுகத்தைக் கட்டினது நான். இந்த அக்காவை மாதிரி ஆட்களைக் கேட்காததால் அது நடந்தது. இந்தச் சோழகம் மட்டும் பொறுங்கள், புரட்டாதி முடிய நானே அளவு தருகிறேன், இடம் சரியென்றால் அடுத்த நாளே கல் போடுவோம். அதையும் ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

பணிப்பாளர் நல்ல மனிதர். கவனமாகக் கேட்டார். வருடம் முடிவதற்குள் வேலை நடக்காவிட்டால் ஒதுக்கின பணம் திறைசேரிக்குத் திரும்பிப் போய்விடும், அடுத்த வருடம் யார் அமைச்சர் என்றே தெரியாது, பிறகு இந்தக் கிராமத்துக்குத் துறைமுகமே வராது என்றார். அதுவும் உண்மைதான். அந்த மண்டபத்தில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. பொய் பிறகு என்னுடைய மேசையில் நடந்தது.

வாகனத்தில் ஏறும்போது பணிப்பாளர் என்னைப் பார்த்து, "மிஸ், கெட்டியென் லியன்ன" என்றார். கூட்ட அறிக்கையைச் சுருக்கமாக எழுதுங்கள், அவ்வளவுதான். வேறு எதுவும் சொல்லவில்லை.

அப்போது சிலாபத்திலிருந்து தினமும் காலையில் பஸ் ஏறி, மதுரங்குளி தாண்டும்வரை நின்றுகொண்டே புத்தளத்துக்கு வருவேன். மகளுக்கு அந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை. சிலாபத்துக்கு இடமாற்றம் கேட்டு நான் கொடுத்த விண்ணப்பம் பணிப்பாளரின் மேசையில், ஒரு சிப்பிக்குக் கீழே, மூன்று மாதமாகக் கிடந்தது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. யாரும் என்னிடம் எதையும் கேட்காமலேயே நான் செய்தேன் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் வெட்கம்.

இரண்டு மணித்தியாலக் கூட்டத்தை ஒரு பக்கத்தில் அடக்கினேன். "மக்களின் கருத்துகள் கேட்டறியப்பட்டன. தொழினுட்ப விடயங்கள் கலந்துரையாடப்பட்டன. மீனவர் சங்கம் திட்டத்துக்கு ஏகமனதாகச் சம்மதம் தெரிவித்தது." மூன்று மொழியிலும் எழுதினேன். மூன்றிலும் ஓர் எழுத்துப் பிழை இல்லை.

அறிக்கையின் பிரதியைக் கையில் பிடித்துக்கொண்டு பொறியியலாளர் என் மேசைக்கு வந்தார். வழக்கம்போல் உட்காரவில்லை.

"மிஸ், அந்த அக்கா சொன்னது இதிலை இல்லை."

"கருத்துகள் கேட்டறியப்பட்டன எண்டு இருக்கு சேர்."

"நான் சொன்னதும் இல்லை."

"தொழினுட்ப விடயங்கள் எண்டு போட்டிருக்கிறன்தானே."

பென்சிலால் அந்த வரியின் கீழ் ஒரு கோடு கீறினார். "ஓம். இதுக்குள்ளை நான் நிக்கிறன் எண்டு எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். பத்து வரியம் கழிச்சு இதை எடுத்து வாசிக்கிறவனுக்குத் தெரியாதே. அவன் திரும்பவும் கட்டுவான்."

"அடுத்த கூட்டத்துல திருத்தம் கேளுங்க சேர்" என்றேன். போய்விடுவார் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

அவர் கேட்டார். அலுவலகத்தில் நடந்த அடுத்த கூட்டத்தின் முதல் விடயம், சென்ற கூட்ட அறிக்கையை உறுதிப்படுத்துவது. எப்போதும் அரை நிமிடத்தில் முடிகிற காரியம். யாராவது முன்மொழிவார், யாராவது வழிமொழிவார், பிளேன்டீ வரும். அன்று சுவரோரத்திலிருந்து இவர் கையைத் தூக்கினார். தான் சொன்னதையும் அந்தப் பெண் சொன்னதையும் சேர்க்க வேண்டும் என்றார். பணிப்பாளர் பெருமூச்சு விட்டு என் பக்கம் திரும்பினார்.

"மிஸ்தானே எழுதினது. அப்படி யாராவது சொன்னார்களா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

மண்டபக் கதவடியில் நின்ற அந்தப் பெண்ணின் ஈரக்கை என் கண்ணுக்கு முன்னால் இருந்தது. என் வாயாலேயே அவளைச் சிங்களமாக்கி இதே பணிப்பாளருக்குச் சொல்லியிருந்தேன். அவருக்கும் அது நினைவிருந்திருக்கும்.

"எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை சேர்" என்றேன்.

இவர் என்னைப் பார்க்கவில்லை. கையில் ஓர் அடி இழுத்தபடி இருந்த நாடாவைப் பெருவிரலால் பிடித்து மெதுவாக, மெதுவாக உள்ளே விட்டார். அன்றைக்கு மட்டும் டக் என்ற சத்தம் வரவில்லை. "சென்ற கூட்ட அறிக்கை திருத்தமின்றி உறுதிப்படுத்தப்பட்டது" என்று நான் எழுதினேன்.

இரண்டு மாதத்தில் எனக்குச் சிலாபத்துக்கு இடமாற்றம் கிடைத்தது. அடுத்த வருடம் அவர் ஓய்வு பெற்றார். பிரியாவிடைக்கு அழைப்பு வந்தது. காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வீட்டில் இருந்தேன்.

துறைமுகம் கட்டி முடிந்த செய்தியும் அது மூடிப்போன செய்தியும் பஸ்ஸில் அந்தப் பக்கத்து ஆட்கள் கதைக்கிறதைக் கேட்டுத்தான் எனக்குத் தெரியும். இரண்டாம் சோழகத்திலேயே வாய் மூடிவிட்டது. பிறகு கடல் வடக்கே தின்னத் தொடங்கியது. முதலில் தென்னைகள், பிறகு மணல் பாதை, பிறகு சேமக்காலையின் மேற்கு மதில். ஓர் ஆடி மாதத்தில் மதில் விழுந்து கல்லறைகள் கடலுக்குள் போயின. ஆண்கள் முல்லைத்தீவில். பெண்கள் மண்வெட்டியோடு இறங்கி, எடுக்க முடிந்ததை எடுத்துப் பாதையோரத்தில் புதிதாக ஒரு காணியில் புதைத்தார்கள். எடுக்க முடிந்ததில் அந்தப் பெண்ணின் கணவர் இல்லை. இதைக் கேட்ட நாளில் நான் இறங்க வேண்டிய தரிப்பிடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

போன வருடம் கொழும்பில் ஒரு குழு போட்டார்கள். கடந்தகாலத் திட்டங்கள் ஏன் பிழையாகப் போயின என்று பார்த்துப் பாடம் படிக்கிற குழு. அவர்கள் அந்தக் கிராமத்துக்கும் வரப்போவதாகவும், புத்தளத்தில் மொழிபெயர்ப்பாளர் இல்லாததால் நான் போக வேண்டும் என்றும் கடிதம் வந்தது. ஆயத்தம் செய்வதற்குக் கோவையின் பிரதியையும் அனுப்பியிருந்தார்கள். அதில் என்னுடைய ஒரு பக்கம் இருந்தது. குழுவின் வரைவு அறிக்கையும் இருந்தது: திட்டம் தொடங்கும்போது எவரும் ஆட்சேபிக்கவில்லை, எவரும் எச்சரிக்கவில்லை, எதிர்பார்க்க முடியாத இயற்கைக் காரணம். இதை நான் தமிழாக்க வேண்டும். மூன்று இரவு அந்தப் பக்கத்தை எடுப்பதும் வைப்பதுமாக வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தேன். நான் உட்காராமல் திரிகிறேன் என்பதை மகள்தான் சொன்னாள்.

ஓய்வூதியப் பகுதியில் தெரிந்த ஒருவரிடம் அவருடைய தொலைபேசி இலக்கம் வாங்கினேன். வவுனியாவில் மகள் வீட்டில் இருந்தார். நான் என்னைச் சொல்லி, அன்றைய கூட்டத்தைச் சொல்லி, இடமாற்றத்தைச் சொல்லி, அழுகை வந்து தடுமாறிக்கொண்டிருந்தேன். அவர் குறுக்கே கேட்டார்.

"அது கிடக்கட்டும். சேமக்காலையின்ரை கிழக்கு மதிலிலை இருந்து கடலுக்கு இப்ப எவ்வளவு?"

"தெரியாது சேர்."

"போய் அளந்து பாருங்கோவன். சோழகம் முடிய முன்னம் போங்கோ. பிறகு போனா மணல் வந்து கிடக்கும், பொய்க் கணக்குக் காட்டும்."

"சேர், என்னை மன்னிக்கணும்."

"மன்னிச்சா மறந்துபோயிடுவியள் மிஸ்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தொலைபேசியை வைத்த பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. ஒரு நல்ல வார்த்தை சொன்னால் இந்த மனிதருக்கு என்ன குறைந்துவிடும் என்று அடுப்படியில் நின்று தனியாகத் திட்டினேன். ஆனால் சனிக்கிழமை ஹார்ட்வெயார் கடையில் ஒரு நாடா வாங்கினேன்.

அந்தக் கிராமத்தில் போய் இறங்கியபோது காற்று ஆளைத் தள்ளியது. அந்தப் பெண்ணின் வீட்டை விசாரித்துப் போனேன். அவளுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. நான் யார் என்று சொல்ல விடவில்லை, ஏன் வந்தேன் என்றும் கேட்கவில்லை. நாடாவைக் கண்டதும் கூடவே நடந்து வந்து, நிற்கிற ஒரே மதிலான கிழக்கு மதிலில் அதன் நுனியைப் பிடித்துக்கொண்டாள். நான் மறு நுனியோடு கடல் வரைக்கும் நடந்தேன். பதினொரு மீற்றர். நான் புத்தகத்தில் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்டைக்கும் இப்படித்தான் எழுதிக்கிட்டு இருந்தீங்க மிஸ்" என்றாள்.

குழு வந்த அன்று அதே பங்கு மண்டபம். முன்வரிசையில் யாரும் இல்லை, ஆண்கள் வடக்கே போயிருந்தார்கள். பெண்கள் பின்னால் இருந்தார்கள், அவளும் இருந்தாள். தலைவர் சிங்களத்தில் வரைவை வாசித்தார். எவரும் எச்சரிக்கவில்லை என்ற இடத்தில் நிறுத்தி, தமிழில் சொல்லும்படி என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன்.

"அந்தக் கூட்ட அறிக்கையை எழுதினது நான்" என்று முதலில் சிங்களத்திலும் பிறகு தமிழிலும் சொன்னேன். அதற்குப் பிறகுதான் என் பெயரைச் சொன்னேன்.

"மிஸ், நீங்கள் வந்தது மொழிபெயர்க்க" என்றார் தலைவர், மரியாதையாகத்தான்.

"ஓம் சேர். அண்டைக்கு விட்டதைத்தான் இப்ப மொழிபெயர்க்கிறன்."

ஒரு பொறியியலாளர் சுவரோரமாக நின்று என்ன சொன்னார், ஒரு பெண் கதவடியில் நின்று என்ன சொன்னாள், எனக்கு ஞாபகம் இல்லை என்று நான் எப்படிச் சொன்னேன், கிழக்கு மதிலிலிருந்து கடலுக்கு எவ்வளவு, எல்லாவற்றையும் சொன்னேன். பின்னால் ஒரு கதிரை நகருகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கத் துணிவில்லை.

மூலையில் ஒரு பெண் உத்தியோகத்தர் கூட்டக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பேனை நின்றுவிட்டது. அவள் தலைவரைப் பார்த்தாள். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். நான் அவளுடைய மேசைக்குப் போய் நின்றேன்.

"தங்கச்சி, சுருக்க வேணாம்" என்றேன்.

அவள் மறுபடியும் தலைவரைப் பார்த்தாள். யாரோ எனக்கு ஒரு கதிரையைத் தள்ளி வைத்தார்கள். அவள் பேனையை எடுத்து எழுதத் தொடங்கும்வரை நான் அதில் உட்காரவில்லை.